கேதாரமா, காசியா? 68 வயதில் எந்தக் குழுவோடு கிளம்புவது

முதலில் கடிதத்தின் சுருக்கம். எழுதியவர் தென் மாவட்டம் ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68, கணவர் காலமாகிவிட்டார். கூட வேலை பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களுமாக நாற்பது பேர் ஒரு டூர்க்காரர் மூலம் கிளம்புகிறார்கள். மே மாதம் 14 நாள் சார்தாம், அதாவது யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத். நவம்பரில் 9 நாள் காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி. சார்தாமுக்கு 10,000 ரூபாய் முன்பணமும் கட்டியாயிற்று. உடம்பு நிலவரம்: 14 வருஷமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த ஒரு மாத்திரை, வலது முழங்காலில் தேய்மானம், சிறுநீரை ரொம்ப நேரம் அடக்க முடியாது. தினமும் பள்ளி மைதானத்தில் அரை மணி நேரம் நடக்கிறார். மகளின் அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது மாடி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் "இந்த வயசுல எங்கேயும் வேண்டாம்" என்கிறார். மகள் "கேதாருக்கு ஹெலிகாப்டர்ல போயிடும்மா" என்கிறார். டூர்க்காரர் "ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, ஃபாரத்துல சுகர் கிகர்னு எழுதாதீங்க" என்கிறாராம். போகலாமா, எதற்குப் போகலாம், அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது? இவைதான் கேள்விகள்.

டீச்சர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மே மாதம் சார்தாம் வேண்டாம். நவம்பர் காசிப் பயணம் போகலாம், சில ஏற்பாடுகளோடு. மகன் சொல்கிற "எங்கேயும் வேண்டாம்" என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் முழங்காலும் சர்க்கரையும் கெடுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் போவதா இருப்பதா என்ற முடிவு உங்களுடையது.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரியில்தான் எனக்குக் கண் நின்றது. இரண்டு மாடி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது என்பது. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நீங்களே சமாதானமும் சொல்லியிருக்கிறீர்கள். முழங்கால் வலியால் நிற்பது வேறு, மூச்சு வாங்கி நிற்பது வேறு. 14 வருஷம் சர்க்கரை இருக்கிற ஒருவருக்கு இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் நெஞ்சு வலி வராமலேயே போகலாம், இப்படி மூச்சிரைப்பாக மட்டும் காட்டலாம். ரத்தச்சோகையாகவும் இருக்கலாம், பழக்கமில்லாத படியாகவும் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும். போன வருஷம் எடுத்த ஈசிஜி நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் அசையாமல் படுத்திருந்தபோது எடுத்தது, படி ஏறும்போது இதயம் என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. எந்த டூருக்குப் போனாலும் போகாவிட்டாலும் இதய மருத்துவர் ஒருவரைப் பார்த்து எக்கோ என்கிற இதய ஸ்கேனும், முழங்கால் இடம் கொடுக்கும் வகையில் இதயத்தை வேலை வாங்கிப் பார்க்கிற ஓர் உழைப்புப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ரத்தச்சோகை, சிறுநீரகம், மூன்று மாதச் சர்க்கரை மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

ஹெலிகாப்டர் தீர்ப்பதும் தீர்க்காததும்

உங்கள் மகள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஒரு வழி நடை சுமார் 16 கிலோமீட்டர், அது முழுக்க ஏற்றம்; ஹெலிகாப்டர் அந்த நடையை மிச்சப்படுத்தும். ஆனால் உயரத்தை மிச்சப்படுத்தாது. கேதார்நாத் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,580 மீட்டர். அங்கே மூச்சில் உள்ளே போகிற ஆக்ஸிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நடந்து போகிறவர் மெதுவாக ஏறுகிறார், குப்தகாசிப் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டரில் போகிறவர் பத்து நிமிஷத்தில் சுமார் 2,000 மீட்டர் மேலே இறக்கிவிடப்படுகிறார், உடம்பு பழகிக்கொள்ள நேரமே இல்லை. இரண்டு மணி நேரத்தில் தரிசனம் முடித்துத் திரும்பிவிட்டால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, உண்மைதான். ஆனால் மேகம் இறங்கினால் சேவை நின்றுவிடும், அது அங்கே அடிக்கடி நடக்கிற விஷயம். அப்போது இரவை மேலேயே குளிரில் கழிக்க வேண்டும், இல்லை என்றால் 16 கிலோமீட்டர் இறங்க வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. சோன்பிரயாகிலிருந்து ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, ஆனால் கட்டி முடிய வருஷங்கள் ஆகும். வந்தாலும் உயரம் அதே உயரம்தான்.

அப்புறம் கேதார் மட்டும் இல்லையே. யமுனோத்ரிக்கு ஜானகிசட்டியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் செங்குத்தான நடை. குதிரையில் போகலாம் என்கிறார்கள். குதிரை மேல் இரண்டு மூன்று மணி நேரம் கால்களை அகட்டி உட்கார உங்கள் முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்குமா என்று பாருங்கள். பல்லக்கு இருக்கிறது, அதற்குத் தனிச் செலவு. உத்தரகாசியிலிருந்து குப்தகாசி போகிற நாளில் மலைப்பாதையில் எட்டு ஒன்பது மணி நேரம் பஸ். சிறுநீர் அடக்க முடியாத ஒருவர் அந்த நாளில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்: முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். நீர் பிரிக்கும் மருந்து உள்ளே, தண்ணீர் இல்லை, மலை உயரம் வேறு. மயங்கி விழுவதற்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் டயமாக்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். அது உயரத்துக்கு உடம்பு பழக உதவுகிற நல்ல மருந்துதான், ஆனால் அதுவும் நீரைப் பிரிக்கும். நீங்கள் ஏற்கெனவே ஒன்று சாப்பிடுகிறீர்கள். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்பது வெறும் கதை. கையில் பிடிக்கிற ஆக்ஸிஜன் கேன் சில நிமிஷங்களுக்கு வரும், அவ்வளவுதான். போகிற உங்கள் தோழிகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: மேலே தலைவலியோடு வாந்தி, தடுமாற்றம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் முதல் சிகிச்சை கீழே இறங்குவது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

"வயது வரம்பு எதுவும் இல்லையே டாக்டர்" என்று கேட்டிருக்கிறீர்கள். அமர்நாத் யாத்திரைக்கு 13 முதல் 70 வயது வரை என்ற வரம்பும் கட்டாய உடல்நலச் சான்றும் உண்டு. அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு 70 வயது வரை, அதோடு உடல் எடை-உயரக் குறியீடு 25-க்குள் இருக்க வேண்டும். சார்தாமுக்கு அப்படி மேல் வயது வரம்பு இல்லை என்பதால் அது சுலபமான யாத்திரை ஆகிவிடாது. ஒவ்வொரு சீசனிலும் அந்தப் பாதையில் இறந்துபோகிறவர்களில் கணிசமானவர்கள் மாரடைப்பில் போகிறார்கள். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் ரிஷிகேஷ் எய்ம்ஸ் வரை வர வேண்டும்.

குழு என்பதில் இருக்கிற சிக்கல்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் "நாற்பது பேர் கூட இருக்கிறார்கள், பயமில்லை" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கூட ஆள் இருப்பது பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் குழுவின் வேகத்தை யார் வைக்கிறார்கள்? மூத்தவர் இல்லை, பலவீனமானவர் இல்லை, டூர்க்காரரின் அட்டவணை வைக்கிறது. காலை நாலரைக்கு காபி, ஐந்துக்கு பஸ் என்றால் ஐந்துக்கு பஸ். நாற்பது பேர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, தன்னால் தாமதமாகிறது என்ற கூச்சம் இருக்கிறதே, அது ஆபத்தானது. நெஞ்சு அழுத்துவதைச் சொல்லாமல் இருப்பார்கள், பாதத்தில் கொப்புளம் என்று சொல்லாமல் நடப்பார்கள், பாத்ரூம் போக வேண்டும் என்று வாய் திறந்து கேட்க மாட்டார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டிய ஆசிரியைகள்கூட பஸ் டிரைவரிடம் "கொஞ்சம் நிறுத்துப்பா" என்று சொல்லத் தயங்குவதை என் கிளினிக்கில் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்திலும் "மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ" என்று இருக்கிறது. அந்தப் பயத்தோடு சார்தாம் போகிறவர் மறைக்கத்தான் செய்வார்.

அதனால் குழுவில் ஒரே ஒருவரிடம், யார் அதிகம் பேச மாட்டாரோ அவரிடம், உங்கள் மாத்திரை, நோய், மகன் மகள் போன் நம்பர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவருடையதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அறையும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

டூர்க்காரரிடம் கேட்க வேண்டியவை

"சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்" என்ற பெயரை நம்பாதீர்கள். அதே டூரில் சாப்பாட்டில் காரத்தைக் குறைத்து அந்தப் பெயரை வைப்பவர்களும் உண்டு. நாள்வாரி நிகழ்ச்சி நிரலை வாங்கி, அதில் மிகக் கஷ்டமான நாள் எது என்று தேடுங்கள். சராசரி நாள் முக்கியமில்லை. அந்தக் கஷ்டமான நாளையும் அதற்கு அடுத்த நாளையும் உங்களால் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. அப்புறம் இவற்றைக் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்:

– ஒரே ஊரில் தொடர்ந்து இரண்டு இரவு தங்குகிற இடம் எத்தனை? தினம் ஓர் ஊர், தினம் பெட்டி கட்டுவது என்றால் அது இளவட்டங்களுக்கான டூர்.

– ஒரு நாள் நான் வெளியே வராமல் அறையில் படுத்திருந்தால் யார் கூட இருப்பார்கள்? நாற்பது பேருக்கு உதவியாளர் எத்தனை பேர்?

– பஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்கும்? நிற்கிற இடத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குமா? விடுதியில் லிஃப்ட் உண்டா?

– சாப்பாடு தாமதமானால் என்ன ஏற்பாடு? உங்களுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ், பிஸ்கட்.

– ரயிலில் கீழ் பெர்த் உறுதியா? நாற்பது பேருக்கு மொத்தமாக டிக்கெட் போட்டால் இது கிடைப்பது சிரமம். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் செல்லும். உங்களையும் தோழியையும் தனி டிக்கெட்டில் போடச் சொல்லுங்கள். இந்த முழங்காலோடு மேல் பெர்த் ஏறி நடுராத்திரி பாத்ரூமுக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஓர் ஒத்திகை

மைதானத்தில் அரை மணி நேரம் நடப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் அது சமதரை, செருப்போடு, முடிந்ததும் வீட்டுக்கு வந்து காபி. டூர் என்பது படி, வெறுங்கால், வரிசையில் நிற்பது, மறுநாளும் அதே. அதனால் வேறு விதமாகச் சோதித்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். உங்கள் வயதுப் பெண்ணுக்கு 11-க்குக் கீழே என்றால் கால் பலம் போதாது. அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழுகிற வாய்ப்பு அதிகம்.

இதய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நிஜமான ஒத்திகை ஒன்று. அந்தத் தோழியைக் கூட்டிக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் பழனிக்குப் போங்கள். விஞ்சில் ஏறி, வரிசையில் நின்று சுவாமியைப் பார்த்துவிட்டு, விஞ்சிலேயே இறங்கி, இரவு அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை இன்னொரு கோயில். இரண்டாவது நாள் காலையில் முழங்கால் எப்படி இருக்கிறது, தூக்கம் வந்ததா, மாத்திரை நேரத்துக்குப் போட்டீர்களா, பாத்ரூமுக்கு எத்தனை தடவை அவஸ்தைப்பட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். என் பரிசோதனை அறையில் தெரியாதது இதில் தெரிந்துவிடும். தினமும் காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை நாற்காலியில் எழுந்து உட்காருங்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும், நவம்பருக்கு நேரம் இருக்கிறது.

காசி எளிது என்று நினைக்க வேண்டாம்

உயரப் பிரச்சனை இல்லை, பெரிய மருத்துவமனைகள் பக்கத்தில் இருக்கின்றன, நவம்பரில் வெயிலும் இல்லை, கடும் பனிமூட்டமும் இன்னும் ஆரம்பித்திருக்காது. அதனால்தான் சரி என்றேன். ஆனால் ரயிலில் இரண்டு இரவு. கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள், பகலில் பெட்டிக்குள் நடங்கள். காசியில் கங்கைப் படித்துறைகள் உயரமும் ஒழுங்கில்லாதவையும், ஈரமானவை வேறு. படகில் கால் வைக்கிற அந்த ஒரு நொடிக்கு இரண்டு பேர் கை வேண்டும், வெட்கப்படாமல் கேளுங்கள். 2021 டிசம்பரில் திறந்த விஸ்வநாதர் கோயில் வளாகத்தால் பழைய சந்து நெரிசல் குறைந்திருக்கிறது. அயோத்தியில் அனுமன்கடி கோயிலுக்கு 76 படி, அதைக் கீழேயிருந்து கும்பிட்டுக்கொள்ளலாம். கயாவில் விஷ்ணுபாதம் போதும், பிரேதசிலா மலைப்படிகள் உங்களுக்கு வேண்டாம். தேதி முடிவாகவில்லை என்றால் வடநாட்டுக் கணக்கில் வருகிற கார்த்திகைப் பௌர்ணமியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அன்று காசியில் தேவ் தீபாவளி, கூட்டத்தில் ஒதுங்கி நிற்கக்கூட இடம் இருக்காது.

உங்கள் பாதங்களைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 14 வருஷச் சர்க்கரைக்குப் பாத உணர்வு குறைந்திருக்கலாம், கோயிலில் வெறுங்காலோடு நடக்கும்போது கல் குத்தியதே தெரியாது. போகும் முன் பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாக்ஸ் போட விடுகிற இடத்தில் போடுங்கள். தினம் இரவு தோழியைப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரிக்கும் மருந்தைப் பயண நாளில் எந்த நேரம் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரியவர்களுக்கான டயப்பர் மருந்துக்கடையில் கிடைக்கிறது, நீண்ட பஸ் நாளுக்கு அது தண்ணீர் குடிக்காமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

படிவமும் பணமும்

மறைக்காதீர்கள். சர்க்கரை என்று எழுதாமல் போய் அங்கே ஏதாவது ஆனால், பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும் முன்பே இருந்த நோயை மறைத்தார் என்று சொல்லி மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள். மயங்கிக் கிடக்கிறவருக்குச் சிகிச்சை பார்க்கிற டாக்டரும் அந்தப் படிவத்தைத்தான் முதலில் தேடுவார். பரிசோதனை இல்லாமல் எழுதித் தருகிற சர்டிபிகேட் டூர்க்காரரைத்தான் காப்பாற்றும், உங்களை இல்லை. சர்க்கரையை எழுதாதே என்று சொல்லித் தருகிறவர் மலையில் உங்களை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதையும் யோசியுங்கள்.

சட்டம் என் துறை இல்லை, ஆனால் 10,000 ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரசீதிலோ அட்டவணையிலோ எழுதியிருக்கிறதா பாருங்கள். மருத்துவர் ஆலோசனையின் பேரில் ரத்து செய்கிறேன் என்று எழுத்தில் கொடுத்து, அந்தத் தொகையை நவம்பர் டூருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். நியாயமில்லாமல் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாகக் கேதாரம். கணவரோடு போக நினைத்து முடியாமல் போனது என்று எழுதியிருந்தீர்கள். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியிலிருந்தே திருக்கேதாரத்தைப் பாடினார்கள் என்ற மரபு தமிழாசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லி உங்கள் ஆசையை மடக்கவும் விரும்பவில்லை. இதயப் பரிசோதனை நன்றாக வந்து, கால் பலமும் கூடினால், இமயமலைக்கு வேறு ஒரு வழி இருக்கிறது: ஹரித்வார், தேவப்பிரயாகை, ஜோஷிமடம், பத்ரிநாத். இவற்றில் தேவப்பிரயாகை கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமடம் திருப்பிரிதி, பத்ரி வதரியாச்சிரமம், மூன்றும் ஆழ்வார் பாடிய தலங்கள். பத்ரியும் 3,100 மீட்டர் உயரம்தான், ஆனால் கோயிலுக்குப் பக்கம் வரை வண்டி போகும், மலையேற்றம் கிடையாது. 1,900 மீட்டருக்கு அருகில் இருக்கிற ஜோஷிமடத்தில் இரண்டு இரவு தங்கி, பகலில் பத்ரி போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். அடுத்த வருஷம் மழை முடிந்து செப்டம்பர் கடைசி, அக்டோபரில், ஆறேழு பேர் ஒரு வேனில். கேதார்நாத் ஹெலிகாப்டர் பேச்சை அந்த உடல்நிலையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வோம்.

எக்கோ, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் வந்ததும் உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கும் எழுதுங்கள். பழனி ஒத்திகையில் குறித்த தாளையும் சேர்த்து அனுப்புங்கள். மகனுக்கும் ஒரு நகல் போகட்டும்.